அந்தஸ்து: தாம்பரம் மார்க்கத்தில் சில குறிப்புகள்

நம் கல்லூரிகளின் சரித்திரம் பெரும்பாலும் விழா மலர்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளி விழா, பொன் விழா, நூற்றாண்டு விழா. கவர்னர் வாழ்த்து, நிறுவனர் படம், பிரின்ஸிபால்களின் வரிசை, பிறகு பிரபலமான பழைய மாணவர்களின் பட்டியல். இந்தப் பட்டியலைப் படித்து முடிக்கிற எவருக்கும் ஒரு கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தஸ்து என்பது ஏறும், இறங்கும், சில சமயம் கல்லூரியை அப்படியே நிற்கவிட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். அது எப்படி நடக்கிறது என்று விழா மலர் சொல்லாது. முப்பத்துச் சொச்ச வருஷங்கள் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த எனக்கும், நான் நின்று பாடம் சொன்ன இடத்தின் சரித்திரத்தை யோசிக்க ஓய்வு பெற்றபிறகுதான் அவகாசம் கிடைத்தது.

நான் வளர்ந்தது மேற்குத் தாம்பரத்தில். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மரங்களுக்குள், கிறிஸ்துவக் கல்லூரி. என் அப்பா பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றவர். அவர் பேச்சில் 'காலேஜ்' என்றால் அது ஒன்றுதான். மற்றவற்றுக்கெல்லாம் பெயர் சொல்லுவார். பாரிஸ் கார்னரில் ஹைகோர்ட்டுக்கு எதிர்வரிசையைக் காட்டி, "காலேஜ் முதல்ல இங்கதான் இருந்தது" என்பார். அங்கே ஆண்டர்சன் பெயரில் ஒரு சர்ச் இருந்தது, இன்றும் இருக்கிறது. கல்லூரி இல்லை. ஒரு கல்லூரி இடம் மாறும்போது அதன் கெளரவமும் கூடவே லாரியில் ஏறிப் போகுமா என்ற கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை.

1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்று நடத்திய பள்ளிக்கூடம்தான் ஆரம்பம். ஆங்கிலம் கற்றால் வேலை கிடைக்கும் என்று ஜார்ஜ் டவுன் இந்துக்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். 1841-ல் மாணவர்கள் இருவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பள்ளி ஏறக்குறைய காலியாகிவிட்டது. அந்தஸ்து இறங்குவதற்கு நமக்குத் தெரிந்த முதல் சம்பவங்களில் இது ஒன்று. பாடம் கெட்டுப்போகவில்லை, வாத்தியார் மாறவில்லை. பெற்றோர்களின் பயம் ஒன்றுதான் புதிது. அடுத்த வருஷமே, 1842-ல், பச்சையப்பன் தர்மப் பணத்திலிருந்து பிராட்வேயில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. பச்சையப்ப முதலியார் இறந்தது 1794-ல். அவர் விட்டுப்போன பணம் அரை நூற்றாண்டுக் காலம் வழக்கில் கிடந்து, அப்புறம் கல்விக்கு வந்தது. இந்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் என்ற விதி அங்கே 1947 வரை நீடித்தது. ஒரு ஸ்தாபனம் யாரை உள்ளே விடுகிறது என்பதைவிட, யாரை விடுவதில்லை என்பதில்தான் அதன் கெளரவத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பின்னால் வருகிற கதைகளும் இந்தச் சந்தேகத்தைப் பலப்படுத்தத்தான் செய்கின்றன.

காலியான பள்ளியைக் கல்லூரியாக்கி, இந்துக் குடும்பங்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெற்றவர் வில்லியம் மில்லர். 1862-ல் வந்தார். 1877-ல் கல்லூரிக்கு இன்றைய பெயர் வந்தது. 1907 வரை பிரின்ஸிபால். மதமாற்றத்தை எண்ணிக் கணக்குக் காட்டுவது கல்லூரியின் வேலை அல்ல, எண்ணங்களைப் பரவவிடுவதே வேலை என்பது அவர் கட்சி. மிஷன்காரர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் மைலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் இதுதான் தேவையாக இருந்தது. பி.ஏ. பட்டம் ஹைகோர்ட்டுக்கும் செக்ரடேரியட்டுக்கும் ரெவின்யூ போர்டுக்கும் கதவு திறந்த காலம். கதவுகள் அத்தனையும் கல்லூரியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தன. மில்லரின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அந்தக் கதவுகள் இல்லாவிட்டால் அவருடைய ஷேக்ஸ்பியர் வகுப்புகளுக்கு அத்தனை கூட்டம் சேர்ந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

அந்தஸ்தின் உச்சியில் இருந்த இந்தக் கல்லூரிக்குள்ளேயே, அந்தஸ்து இல்லாத ஒரு மூலை இருந்தது. தமிழ். அந்தக் காலத்துக் கல்லூரிகளில் தமிழ் ஆசிரியர் முன்ஷி, அல்லது பண்டிதர். ஆங்கிலப் பேராசிரியருக்குக் கிடைத்த சம்பளமும் இல்லை, நாற்காலியும் இல்லை. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரி அங்கே படித்துத் தேறியபின், தத்துவத்தை விட்டுத் தமிழைத் தேர்ந்து அதே கல்லூரியில் தமிழாசிரியரானார். பரிதிமாற் கலைஞர் என்று தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் யோசனை 1902-ல் எழுந்தபோது அதை எதிர்த்து நின்றார். தமிழை உயர்தனிச் செம்மொழி என்று வாதிட்டார். 1903-ல், முப்பத்து மூன்று வயதில், இறந்துபோனார். அவர் துணையால் 1898-ல் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தவர் நாகப்பட்டினத்து வேதாசலம். பின்னாளைய மறைமலையடிகள். பல்கலைக்கழகத்தின் புதிய விதிகளால் தமிழ் கட்டாயப் பாடம் என்ற நிலை போய்விட, 1911-ல் அவர் வேலையை விட்டார். பல்லாவரத்துக்குக் குடிபோனார். சமரச சன்மார்க்க நிலையம், அச்சுக்கூடம், புத்தகங்கள். தனித்தமிழ் இயக்கம் 1916-ல் அங்கிருந்துதான் கிளம்பிற்று.

அந்த இயக்கத்தோடு எனக்கு உடன்பாடு குறைவு. இந்தக் கட்டுரையின் மொழியே அதற்கு சாட்சி. ஆனாலும் ஒரு விஷயத்தை ஒதுக்க முடியவில்லை. அந்தக் கல்லூரி எவ்வளவோ சப்-ஜட்ஜுகளையும் டெபுடி கலெக்டர்களையும் உண்டாக்கிற்று. அவர்கள் பெயர்களெல்லாம் அன்றைய பட்டியல்களில் இருந்திருக்கும். இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை. தமிழ்நாட்டுச் சிந்தனையில், நல்லதோ கெட்டதோ, அழியாத தடம் பதித்த ஒருவர் அங்கிருந்து வெளியேற வேண்டியிருந்த தமிழாசிரியர். அந்தஸ்து உள்ள இடத்துக்குத் தன் சுவருக்குள்ளேயே எது முக்கியம் என்று தெரிவதில்லை. இதற்குத் துணையாக இன்னொரு கதையும் உண்டு. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று புகழ் வாங்கிய கும்பகோணம் கல்லூரி 1904-ல் ராமானுஜனைச் சேர்த்துக்கொண்டது. கணக்கைத் தவிர வேறெதிலும் தேறாத அவர் ஸ்காலர்ஷிப்பை இழந்தார். பிறகு பச்சையப்பன். அங்கேயும் பாஸாகவில்லை. பெயில் போட்ட பையனின் பெயரைத்தான் இன்று இரண்டு கல்லூரிகளும் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பீச்சிலிருந்து தாம்பரம் வரை எலெக்ட்ரிக் ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதே வருஷத்தில்தான் ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரித் தலைவர் லிண்ட்ஸே தலைமையிலான கமிஷன், இந்தியாவின் கிறிஸ்துவக் கல்லூரிகளைப் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. பரீட்சைக்குத் தயார்செய்கிற தொழிற்சாலைகளாக ஆகிவிட்டன, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாழ்கிற இடங்களாக வேண்டும் என்பது அதன் சாரம். கிறிஸ்துவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. சேலையூர்க் காட்டுப் பகுதியில் ஏறத்தாழ 365 ஏக்கர். ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்த இடத்தை உருவாக்குவதில் முன்நின்றார். அவரும் அவர் மனைவியும் நட்ட மரங்களைத்தான் நாங்கள் சிறுவயதில் ரயில் பாலத்திலிருந்து பார்த்தது. அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 1928-ல், டாக்டர் சவுரி முத்து காசநோய் சானடோரியத்தை அங்கே ஆரம்பித்திருந்தார். நல்ல காற்று, மலிவான நிலம், பக்கத்தில் ரயில். நோயாளிகளையும் மாணவர்களையும் நகரத்திலிருந்து பிரித்து வைக்க ஒரே காரணங்கள் போதுமானதாக இருந்தன.

கதவுகளின் பக்கத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போன கல்லூரியின் கெளரவம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வேறு ரூபம் எடுத்தது. முன்பு அது நல்ல வேலைக்கு வழி. இப்போது அது ஒரு நடை, ஒரு உச்சரிப்பு. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று எந்த ஹாலில் இருந்தாய் என்பதே ஒருவனின் முகவரி. 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு அந்த வளாகத்தில் கூடியது. அதனால் உலகத்தின் இறையியல் வகுப்புகளில் 'தாம்பரம்' என்பது இன்றும் ஒரு விவாதத்தின் பெயர். எங்களுக்கு அது கடைசி ஸ்டேஷன். விழா மலர்களில் ராதாகிருஷ்ணன் பெயர் முதலில் வரும். அவர் படித்தது பாரிஸ் கார்னரில், மில்லர் காலத்தின் கடைசியில். தாம்பரத்து மரங்கள் அப்போது நடப்படவில்லை. ஒரு இடத்தில் சம்பாதித்ததை இன்னொரு இடத்தில் செலவழிக்கலாம் என்பது அந்தஸ்தின் வசதி. வட்டி வந்துகொண்டிருக்கும் வரையில் முதல் எங்கே என்று எவரும் கேட்பதில்லை.

பாதையின் இரண்டு பக்கமும் இதற்குள் நிரம்பத் தொடங்கிற்று. கிண்டிக்கு எஞ்சினீயரிங் கல்லூரி 1920-லேயே வந்துவிட்டது. 1949-ல் தோல் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில், ஸி. ராஜம் தன் வீட்டை விற்று எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். விமானம், மோட்டார், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று மற்றவர்கள் அதிகம் தொடாத பாடங்கள். பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அது கொடுத்தது டிப்ளமா. பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லை. ஆனாலும் 1950-களில் அப்துல் கலாமின் சகோதரி தன் நகையை அடகு வைத்து அவரை அங்கே அனுப்பினார். பட்டம் இல்லாமலேயே கெளரவம் உண்டாகலாம் என்பதற்கு நம் பகுதியில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1959-ல் ஐ.ஐ.டி. அதற்குப் பிறகு கெட்டிக்காரப் பையன் என்றால் ஷேக்ஸ்பியர் படிக்கிறவன் என்ற அர்த்தம் போய்விட்டது.

ஆனாலும் கலைக் கல்லூரிகள் உடனே இறங்கிவிடவில்லை. காரணம் பி.யூ.சி. நான் பி.யூ.சி. படித்தது 1970-களின் மத்தியில். எனக்கு இடம் கொடுக்காத கல்லூரியின் பெயர் இங்கே அவசியமில்லை. கொடுத்த கல்லூரியின் பெயரும். டாக்டராகப் போகிறவன், எஞ்சினீயராகப் போகிறவன், என்னைப்போல் எங்கேயும் போகாதவன், எல்லோரும் அந்த ஒரு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பெஞ்சில் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் அடுத்த ஜூனில் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு வருஷத்தின் பொருட்டு ஊரிலுள்ள நல்ல மாணவர்கள் அத்தனை பேரும் ஒரு கலைக் கல்லூரியின் வாசலில் விண்ணப்பத்தோடு நிற்க வேண்டியிருந்தது. அந்த வரிசையின் நீளம்தான் கல்லூரியின் கெளரவம்.

1978-ல் மூன்று காரியங்கள் நடந்தன. பி.யூ.சி. போய், மேல்நிலைப் பள்ளி வந்தது. கிறிஸ்துவக் கல்லூரியும் லயோலாவும் தன்னாட்சி பெற்றன. எம்.ஐ.டி.யும் கிண்டியும் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் போயின. பேச்செல்லாம் தன்னாட்சியைப் பற்றித்தான் இருந்தது. பாடத்திட்டத்தை நாமே வகுக்கலாம், பரீட்சையை நாமே நடத்தலாம். அதைவிடப் பெரிய காரியம் சத்தமில்லாமல் நடந்ததை ஆசிரியர்கள் அப்போது கவனிக்கவில்லை. வரிசை பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டது. மருத்துவத்துக்கும் எஞ்சினீயரிங்குக்கும் பிளஸ்-டூவிலிருந்து நேராகப் போகலாம். இடம் கிடைக்காதவர்கள் வருகிற இடமாகக் கலைக் கல்லூரி ஆயிற்று. ஆசிரியர்கள் அதே ஆசிரியர்கள், நூலகம் அதே நூலகம். மாறியது வரிசை மட்டும்தான்.

1984-ல் எஞ்சினீயரிங்குக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத் தேர்வு. அதே வருஷம் சுயநிதி எஞ்சினீயரிங் கல்லூரிகளுக்கு அனுமதி. தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரில், காட்டாங்குளத்தூரில், இந்தப் பக்கம் சேலையூரில், நெல் வயல்களிலும் தரிசுகளிலும் கட்டிடங்கள் எழுந்தன. ஜி.எஸ்.டி. ரோடில் காலையில் காலேஜ் பஸ்களின் வரிசை. நான் வேலை பார்த்த கல்லூரியில் சரித்திர வகுப்புக்கு விண்ணப்பங்கள் குறைந்து, 1990-களின் கடைசியில் ஒரு வருஷம் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பிறகு துறையை மூடிவிட்டார்கள். அந்த அறையில் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஏ.ஸி. போட்டார்கள். சரித்திரத்துக்கு விசிறிகூடச் சரியாக ஓடியதில்லை. மற்ற துறை மாணவர்களுக்குப் பொதுப்பாடம் சொல்லிக்கொண்டு மிச்ச வருஷங்களைக் கழித்தேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வருஷங்களில் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ஓயாமல் சொன்ன வார்த்தை, "தரம் போச்சு." நானும் சொன்னேன். எப்போது சொல்ல ஆரம்பித்தோம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, குடும்பத்தில் முதல்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல் ஆனபோது. அவர்களுக்கு ஆங்கிலம் வரவில்லை என்பது உண்மை. எங்களுக்கு அவர்களுடைய தமிழ் காதில் விழவில்லை என்பதும் உண்மை. என் பதினைந்து வருஷத்துச் சிறந்த மாணவன் என்று நான் இப்போது நினைக்கிற ஒருவன் அந்தக் கூட்டத்தில் வந்தவன்தான். தன் ஊர் ஏரியின் மதகு பற்றி, பாசனக் காவல் பற்றி, யார் எந்தப் பக்கம் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பது பற்றி, இருபது பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். பாடத்திட்டத்தில் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அது தமிழில் இருந்தது என்பதையும், அந்தக் காரணத்தை நான் அவனிடம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்ஷியை மூலையில் உட்காரவைத்தவர்களைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேனே, அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மாநிலக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸி.வி. ராமனும் சந்திரசேகரும் படித்த இடம். இன்று அங்கே பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள், மிகக் குறைந்த கட்டணத்தில் படிக்கிறார்கள். 2016-ல் மத்திய அரசு தரவரிசைப் பட்டியல் வெளியிட ஆரம்பித்து, 2017-ல் கல்லூரிகளையும் சேர்த்தது. மாநிலக் கல்லூரி தேசத்தின் முதல் பத்துக்குள் பலமுறை வந்திருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் தன் பிள்ளைக்கு அங்கே விண்ணப்பம் வாங்கிய ஒரு வீட்டையும் நான் பார்க்கவில்லை. பட்டியலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் பட்டியலே வாழ்க்கை என்று இருக்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் படிக்காமல் தாண்டிப் போவதைக் கவனிக்கத்தான் வேண்டும். அவர்கள் தேடுவது நல்ல கல்லூரி அல்ல. தங்களைப் போன்றவர்கள் இருக்கிற கல்லூரி.

இப்போது சக்கரம் இன்னொரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. ஒரு கட்டத்தில் மாநிலத்தில் 500-க்கும் மேல் போய்விட்ட எஞ்சினீயரிங் கல்லூரிகளில் பல மூடப்பட்டன. பலவற்றில் இடங்கள் காலி. கலைக் கல்லூரிகளில் பி.காம்.முக்கு மறுபடியும் வரிசை. இதைக் கலைக் கல்லூரிகளின் மறுமலர்ச்சி என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். மீட்டர் கேஜ் 2004-ல் போய், அகலப் பாதை வந்த மாதிரிதான் இது. வண்டி வேறு, கூட்டம் ஒன்று. கதவு இன்று கணக்குத் தணிக்கை கம்பெனிகளின் பக்கம் திறந்திருக்கிறது. நாளைக்கு வேறு பக்கம் திறக்கும்.

மறைமலையடிகள் 1950-ல் இறந்தார். அவர் சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான புத்தகங்கள் 1958-ல் ஜார்ஜ் டவுனில் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு நூலகமாயின. அவர் வேலை பார்த்த கல்லூரி இருந்த இடத்திலிருந்து சில நிமிஷ நடை. கல்லூரி அவருடைய பல்லாவரத்தைத் தாண்டி மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போயிருந்தது. புத்தகங்கள் கல்லூரி விட்டுப்போன இடத்துக்கே திரும்பி வந்திருந்தன. நான் அங்கே உட்கார்ந்து படித்திருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தவர்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

போன மே மாதம் என் தங்கையின் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நீங்க சொல்லுங்க, எது நல்ல காலேஜ்?" நீ படிக்க விரும்புகிற பாடத்தை யார் நடத்துகிறார்கள் என்று விசாரி, சாயங்காலம் நாலு மணிக்கு நூலகத்தில் யாராவது இருக்கிறார்களா என்று போய்ப் பார் என்றேன். கேட்டுக்கொண்டாள். பிறகு போன வருஷத்துக் கட்-ஆஃப் மார்க்கைப் போனில் பார்த்து, மேலிருந்து கீழாக விண்ணப்பம் போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வயதில் நானும் அப்படித்தான் போட்டேன். மேலே இருந்தது கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்குப் போவதற்கு நாற்பது வருஷம் ஆயிற்று. அது போனபிறகுதான் அந்த ஏரி மதகுக் கட்டுரை ஞாபகம் வந்தது. அவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.